குற்றம் பிள்ளையிடம் இல்லை, குதிரையிடம்!

பதிவு கொஞ்சம் நீளம். கோபத்தில் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஹாங்காங்கிலிருந்து வந்த மருமகன் பேரனுக்கு ஒரு பேன்ஜோ யுகுலேலே வாங்கி வந்தார். கஞ்சிராவுக்குக் கழுத்து முளைத்து, நாலு நைலான் கம்பி கட்டியது போல இருக்கும். பத்து நாள் யூடியூபைப் பார்த்து வாசித்தான். வீடு முழுக்க அபஸ்வரம். "இவனுக்குச் சுருதி ஞானமே இல்லை" என்று ஒரு தீர்ப்பு. "அது விளையாட்டுச் சாமான், கீபோர்டு வாங்கிக் கொடுங்க காக்கா" என்று இன்னொன்று. குடும்ப வாட்ஸ்அப்பில் சிரிப்புப் பொம்மைகள் வேறு.

இரண்டும் தவறு. அந்தக் கருவியில் குதிரை ஒட்டப்பட்டிருக்காது. கம்பியின் அழுத்தத்தில்தான் தோல்மேல் நிற்கும். பயணத்தில் நகர்ந்துவிட்டது. வெறும் கம்பியை ஜி, சி, இ, ஏ என்று எத்தனை சுத்தமாகச் சேர்த்தாலும், விரல் வைத்ததும் சுருதி விலகும். தலைப்பக்கப் பட்டையிலிருந்து 12ஆம் மெட்டு வரை எவ்வளவு தூரமோ, அங்கிருந்து குதிரைக்கும் ஏறக்குறைய அவ்வளவு இருக்க வேண்டும். சுரமானியை வைத்து நான் உங்களுக்கு நடத்திய பாடம்தானே! கம்பி பாதியானால் அதிர்வெண் இரட்டிப்பு. நடத்தின எனக்கே பத்து நாள் உறைக்கவில்லை.

12ஆம் மெட்டின் மேல் விரலைத் தொட்டும் தொடாமலும் வைத்து மீட்டுங்கள். பிறகு அழுத்தி மீட்டுங்கள். அழுத்திய ஒலி ஏறியிருந்தால் குதிரையை வால்பக்கம் தள்ள வேண்டும், இறங்கியிருந்தால் கழுத்துப்பக்கம். மயிரிழை மயிரிழையாக. நாலு கம்பியையும் ஒரேயடியாகத் தளர்த்தாதீர்கள், குதிரை விழுந்துவிடும்.

தோல் தளர்ந்தால் குதிரை அமிழும், கம்பி மெட்டில் உரசி இரையும். கடற்காற்றில் தோல் தளர்வதைத் தஃப் அடிக்கும் நம்மூர்க்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம், அனல் காட்டி ஏற்றுவார்கள். இதில் இருப்பது பிளாஸ்டிக் தோல், அனல் காட்டிவிடாதீர்கள்! சுற்றியுள்ள திருகுகளை, கார் சக்கரத்து நட்டு முடுக்குவது போல, எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்க வேண்டும். புதுக் கம்பி இழுபட்டு அடங்கவும் சில நாள் ஆகும். அதுவரை தினமும் சுருதி இறங்கத்தான் செய்யும்.

'விளையாட்டுச் சாமான்' என்றவர்களுக்கு: எட்டயபுரம் அரசவையில் இருந்த பாலுசாமி தீட்சிதர் வயலினைக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தபோது அதுவும் வெள்ளைக்காரன் சாமான்தான். ஹார்மோனியத்தை அகில இந்திய வானொலி 1940இல் தடை செய்து, 1971 வரை உள்ளே விடவில்லை. நாம் 'பேன்ஜோ' என்று சொல்லும் புல்புல்தாராவின் மூலம், 1912இல் ஜப்பானின் நகோயாவில் செய்த கருவி.

கோபம் யார் மேல் என்கிறீர்களா? பாதி என் மேல்தான். பல வருஷம் முன்பு ஆண்டு விழா ஒத்திகைக்கு ஒரு மாணவன் புல்புல்தாரா கொண்டு வந்தான். பாதி வாசிப்பில், "உனக்குக் காது இல்லைடா, உட்காரு" என்றேன், எல்லார் முன்னாலும். அவன் பிறகு அதைத் தொட்டதாகத் தெரியவில்லை. அதன் குதிரையும் கம்பியழுத்தத்தில் நிற்பதுதான். நான் குனிந்து பார்க்கவே இல்லை.

தம்பி, இதை நீ படித்தால், அது இன்னும் பரணில் கிடந்தால், எடுத்துக்கொண்டு வா. அஸருக்குப் பிறகு வீட்டில்தான் இருப்பேன்.