வேகத்தை மட்டும் கேட்டால் போதுமா?

புதிதாக இணையச் சேவை எடுக்கும்போது நாம் கேட்கும் முதல் கேள்வி, “வேகம் எவ்வளவு?” என்பதுதான். வீட்டுக்கு வரும் ரவுட்டரைப் பற்றி யாரும் கேட்பதில்லை. அதைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்பது என் கருத்து.

டிஎஸ்எல் ரவுட்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். தொலைபேசிக்காகப் போட்ட செப்புக் கம்பியில் குரலுக்கு ஏறக்குறைய 4 கிலோஹெர்ட்ஸ் போதும். அதற்கு மேல் சும்மா கிடக்கும் அலைவரிசையில் தகவலை அனுப்புவதே டிஎஸ்எல். ஏடிஎஸ்எல்2+ முறையில் வினாடிக்கு 24 மெகாபிட் வரை பெறலாம். தொலைபேசி நிலையத்திலிருந்து வீடு தள்ளிப்போகப் போக வேகம் குறையும்.

அந்தச் சிறு பெட்டிக்கு வேலைகள் பல. கம்பியில் வரும் அலைகளைத் தகவலாக மாற்றுகிறது. ஒரே இணைய முகவரியை வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளுக்கும் பகிர்கிறது. வைஃபை தருகிறது. அழையாமல் வெளியிலிருந்து வரும் இணைப்புகளைத் தடுக்கிறது. சேவை நிறுவனம் தொலைவிலிருந்தே அதைப் பராமரிக்கவும் பெரும்பாலும் ஒரு வாசல் உண்டு.

2016 நவம்பரில் ஜெர்மனியில் வம்பு வந்தது அந்த வாசல் வழியாகத்தான். மிராய் வகை நச்சு நிரலைப் புகுத்த யாரோ முயன்றதில், டாய்ச்ச டெலிகாம் வாடிக்கையாளர்கள் சுமார் 900,000 பேரின் இணைப்பு பாதிக்கப்பட்டது. நிரல் உள்ளே தங்கவில்லை. ஆனால் ரவுட்டர்கள் முடங்கின. புதிய மென்பொருள் வந்த பிறகே நிலைமை சீரானது.

அப்படி மென்பொருள் அனுப்ப ஆளில்லாத பழைய ரவுட்டரின் கதி என்ன? கண்ணாடியிழை இணைப்புக்கு மாறியவர்களுக்கும் இதே கேள்விதான்.

சிங்கப்பூரில் 2021 ஏப்ரல் முதல், வீட்டு ரவுட்டர் ஒவ்வொன்றுக்கும் தனிக் கடவுச்சொல்லும் தானாகப் புதுப்பிக்கும் வசதியும் கட்டாயம். பிரிட்டனில் 2024 ஏப்ரல் முதல், பாதுகாப்புப் புதுப்பிப்பு எதுவரை கிடைக்கும் என்பதையும் வாங்குபவருக்குத் தெரிவிக்க வேண்டும். அந்தத் தேதி பெட்டியின் மேலேயே அச்சாக வேண்டும். பால் பாக்கெட்டில் காலாவதித் தேதி பார்த்து வாங்கும் நாம், வீட்டின் இணைய வாசலுக்கு மட்டும் ஏன் பார்க்கக்கூடாது?

அதுவரை உங்களால் முடிந்தது: நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றுங்கள், மென்பொருளைப் புதுப்பியுங்கள், புதுப்பிப்பு நின்றுபோன ரவுட்டரை, நன்றாக ஓடினாலும், மாற்றித்தரக் கேளுங்கள்.