நூலகத்தைச் சுற்றிக் காட்டினால் போதாது



எங்கள் அயலில் உள்ள பல்கலைக்கழக மாணவி ஒருவர் மலையகத் தமிழரின் குடியுரிமை பற்றி எழுதிய ஒப்படையை அண்மையில் வாசித்தேன். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் பற்றிச் சரியாகவே எழுதியிருந்தார். ஆனால் உசாத்துணையில் காட்டிய இரண்டு நூல்களைத் தேடினால் எந்த நூலகப் பட்டியலிலும் இல்லை. செயற்கை நுண்ணறிவுச் செயலி இட்டுக்கட்டிய பெயர்கள் அவை. பிள்ளையைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு நூல் உண்மையிலேயே உண்டா என்று பார்க்கும் வழியை அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

தேடிப் பார்க்கும் வழிகள் நம்மிடம் இல்லாமலில்லை. இலங்கை பற்றிய நூல்களையும் கட்டுரைகளையும் பல தொகுதிகளில் விபரப்பட்டியலாக்கிய இயன் குணதிலக்க நூலகராகப் பணியாற்றியது நமது பேராதனைப் பல்கலைக்கழகத்தில்தான். 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ இணைய நூலகத்திலோ ஈழத்து நூல்களும் பழைய பத்திரிகைகளும் இலவசமாகவே கிடைக்கின்றன. இத்தனை இருந்தும், புதுமுக மாணவரை ஒருநாள் நூலகத்தைச் சுற்றிக்காட்டி அனுப்பிவிட்டால் என்ன பயன்?

தகவலைத் தேடுவது, சரிபார்ப்பது, மூலத்தை முறையாகக் குறிப்பிடுவது ஆகியவற்றை முதலாம் வருடத்திலேயே புள்ளி வழங்கும் பாடமாக்க வேண்டும். நூலகரும் விரிவுரையாளரும் சேர்ந்து, தமிழ்மொழி மூல மாணவருக்குத் தமிழிலேயே அதைக் கற்பிக்க வேண்டும். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு இதில் கவனம் செலுத்துமாறு கேட்டுக்கொள்கிறேன்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்,
கட்டுகஸ்தோட்டை.