கரண்ட் வந்தபின் நின்றுபோன கிற்றார்

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. பெற்றோல் இல்லை, காஸ் இல்லை. நாங்கள் எங்கட வாழ்க்கையிலேயே ஆகக் கூடுதலாகக் கிற்றார் வாசித்தது அந்த நாட்களில்தான். அப்போது நாங்கள் நாலு பேர், கையில் இரண்டு கிற்றார். பின்னேரம் டச் பே கடற்கரைக்கு நடந்துபோய் மணலில் இருப்போம். இருட்டிவிட்டால் நகரமே இருட்டு. கோர்ட் மாற்றும்போது விரல் எங்கே நிற்கிறது என்று பார்க்க ஏலாது. அதனாலேயே பார்க்காமல் மாற்றப் பழகினோம்.

பிறகு கரண்ட் வந்தது. பெற்றோல் வந்தது. கிற்றார் நின்றது.

நின்றது ஒரே நாளில் இல்லை. நாலு பேரில் ஒருவன் கட்டாருக்குப் போனான். அடுத்த வருடம் இன்னொருவன் ருமேனியாவுக்கு. மிச்சமிருந்த எங்கள் இரண்டு பேருக்கும் வந்தாறுமூலையில் கலைப்பீடம் கிடைத்தது. கட்டாருக்குப் போனவன் போகும்போது தன்ர கிற்றாரை எங்களிடம் தந்து, "சும்மா வைக்காமல் வாசியுங்கோடா" என்றான். நாங்கள் அதை அலுமாரிக்குப் பின்னால் ஆணியில் தொங்கவிட்டோம். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் எடுப்போம், இரண்டு நிமிடம் தட்டுவோம், திரும்ப மாட்டிவிடுவோம். ஒருமுறை எடுத்தபோது கம்பியெல்லாம் துரு. விரலை வைத்தால் கறுப்பாக ஒட்டியது.

இந்தக் கட்டுரை அந்தக் கிற்றாரைத் திரும்ப எடுத்ததைப் பற்றியது. அதைவிட முக்கியமாக, "ஆர்வம் போயிட்டுது" என்று நாங்கள் எல்லாரும் சொல்லிக்கொள்ளும் வசனத்தைப் பற்றியது. அந்த வசனம் பிழை என்றுதான் நினைக்கிறோம். ஆர்வம் என்பது நெஞ்சுக்குள் ஒரு தாங்கியில் ஊற்றி வைத்த எண்ணெய் மாதிரி, முடிந்துபோனால் போனதுதான் என்று நம்பியிருந்தோம். எங்கட அனுபவத்தில் அது உள்ளே இருக்கவில்லை. வெளியே இருந்தது. கூட இருந்த ஆட்களிலும், வேறு வேலை இல்லாத அந்த நேரத்திலும், கையில் இருந்த கருவியின் நிலையிலும்தான் இருந்தது. இந்த மூன்றும் போனபோது ஆர்வமும் போனது. நாங்களோ எங்களைச் சோம்பேறிகள் என்று திட்டிக்கொண்டிருந்தோம்.

நாங்கள் மட்டும் இப்படி இல்லை. உலகத்தின் பெரிய கிற்றார் கம்பனிகளில் ஒன்றான ஃபெண்டரின் தலைவராக இருந்த அன்டி மூனி பல இடங்களில் சொன்ன ஒரு கணக்கு உண்டு. புதிதாகக் கிற்றார் வாங்குகிறவர்களில் ஏறத்தாழ 90 வீதமானோர் முதல் வருடத்துக்குள்ளேயே விட்டுவிடுகிறார்களாம். விற்கிற கம்பனியே சொல்லும் கணக்கு இது. அதே கம்பனிக்கு 2020இல் விற்பனை முன்னெப்போதும் இல்லாத அளவுக்கு ஏறியது. கொரோனா காலத்தில் மனிதர்களுக்குத் திடீரென்று மனவுறுதி கூடிவிட்டதா? வீட்டில் அடைபட்டுக் கிடந்தார்கள், நேரம் இருந்தது. எங்களுக்குக் கரண்ட் கட் செய்து தந்ததை அவர்களுக்கு ஊரடங்கு செய்து கொடுத்தது.

அதற்காக நெருக்கடியை யாரும் புகழ வேண்டாம். அந்த மாதங்களில் எங்கட வீடுகளில் விறகடுப்பில் சமைத்தது யார் என்று எங்களுக்குத் தெரியும். நாங்கள் கடற்கரையில் இருந்தபோது அம்மாமார் காஸ் வரிசையில் நின்றார்கள். அந்த நாட்கள் திரும்ப வரக்கூடாது. ஆனால் அந்த நாட்களில் தானாகக் கிடைத்த ஒன்றை, இப்போது நாங்களே ஒழுங்குசெய்து எடுக்க ஏலுமா என்பதுதான் கேள்வி.

முதலில் நாங்கள் செய்த பிழைகள்.

முதல் பிழை, நேரசூசி. கம்பஸ் விடுமுறையில் சுவரில் ஒரு தாள் ஒட்டினோம். காலை ஒரு மணித்தியாலம், பின்னேரம் ஒரு மணித்தியாலம், ஒவ்வொரு நாளும் கோடு போட வேண்டும். ஒன்பதாவது நாளோடு கோடு நின்றது. அதற்குப் பிறகு அந்தத் தாளைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது. கிற்றாரும் அதே சுவரில்தான் தொங்கியது. ஆகவே அதையும் பார்க்காமல் விட்டோம்.

இரண்டாவது பிழை, டிக்டொக். ஒரு பாட்டின் 30 செக்கனை வாசித்துப் போட்டோம். முதல் வீடியோவுக்கு நல்ல வரவேற்பு. இரண்டாவதற்குக் கொஞ்சம். மூன்றாவதை யாரும் பார்க்கவில்லை. நாலாவதை நாங்கள் எடுக்கவேயில்லை. இதை விளங்கிக்கொள்ள ஒரு பழைய பரிசோதனை உதவியது. 1971இல் எட்வர்ட் டெசி என்ற அமெரிக்க உளவியலாளர் பல்கலைக்கழக மாணவர்களுக்கு ஒரு கட்டைப் புதிரைக் கொடுத்தார். ஒரு பகுதியினருக்கு நடுவில் ஒருமுறை மட்டும் புதிரை அவிழ்த்ததற்குக் காசு கொடுத்து, பிறகு நிறுத்திவிட்டார். காசு நின்றபின், சும்மா இருக்கும் நேரத்தில் அவர்கள் அந்தப் புதிரைத் தொடுவது குறைந்துபோனது. விளையாட்டாகச் செய்ததை விலைக்குச் செய்யத் தொடங்கினால், விலை நின்றதும் விளையாட்டும் நின்றுவிடுகிறது. எங்களுக்குக் காசு கிடைக்கவில்லை, லைக் கிடைத்தது. கதை ஒன்றுதான்.

மூன்றாவது பிழைதான் எங்களுக்கு ஆச்சரியமாக இருந்தது. கருவியே பழுதாகி இருந்தது, நாங்கள் எங்களைக் குறை சொல்லிக்கொண்டிருந்தோம்.

துறைமுகத்தைச் சுற்றி வாழ்கிறவர்களுக்கு உப்புக்காற்றைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. கதவுப் பிணைச்சலைத் தின்னும், சைக்கிள் செயினைத் தின்னும். கிற்றார் கம்பி எந்த மூலை? இரும்புக் கம்பி பூட்டிய கிற்றாரில் ஆறு கம்பியும் சேர்ந்து கிட்டத்தட்ட 70 கிலோ இழுவையைக் கழுத்தின்மேல் போட்டுக்கொண்டிருக்கின்றன. வருடக்கணக்காக அப்படியே வெக்கையிலும் ஈரத்திலும் தொங்கினால் கழுத்து மெல்ல வளையும். வளைந்தால் கம்பிக்கும் பலகைக்கும் இடைவெளி கூடும். இடைவெளி கூடினால் அமத்த இரண்டு மடங்கு பலம் வேண்டும், விரல் நோகும், சுருதியும் சேராது. எஃப் கோர்ட் வரவில்லை என்று நாங்கள் மூன்று விடுமுறை அழுதோம்.

பாலையூற்றில் கலியாண வீடுகளில் வாசிக்கும் வயதான அங்கிள் ஒருவரிடம் அந்தக் கிற்றாரைக் கொண்டுபோனோம். அவர் அதைத் துவக்குத் தூக்குவது மாதிரித் தூக்கி, ஒரு கண்ணை மூடிக் கழுத்தைப் பார்த்தார். "தம்பிமார், உங்களில பிழையில்ல. இதை வச்சுக்கொண்டு ஆராலயும் வாசிக்க ஏலாது" என்றார். ஒரு சின்ன அலன் சாவியால் கழுத்துக்குள் இருக்கும் கம்பியைக் கால் சுற்றுத் திருப்பினார். கம்பிகள் தங்கும் வெள்ளைக் கட்டையைக் கழற்றி அடியில் உரஞ்சினார். மெல்லிய கம்பி செற் ஒன்றை வாங்கிப் போடச் சொன்னார். ரூபாய் விழுந்தபின் கம்பி விலையும் ஏறித்தான் இருக்கிறது, ஆனாலும் இரண்டு பேரும் பங்கு போட்டு வாங்கினோம். அன்றைக்கு எஃப் அரைவாசி சத்தம் தந்தது.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறோம் என்றால், "ஆர்வம் இல்லை" என்று சொல்லும் நண்பர்களில் எத்தனை பேரின் கையில் வாசிக்கவே முடியாத கிற்றார் இருக்கிறதோ என்று இப்போது யோசிக்கிறோம். மனதைச் சோதிக்க முதல் கம்பியைச் சோதியுங்கோ. வாசித்து முடிந்ததும் உலர்ந்த துணியால் கம்பியைத் துடையுங்கோ, உப்பும் வியர்வையும் போகட்டும்.

ஆனால் திருத்திய கிற்றாரும் தானாக வாசிக்காது. அதுவும் ஒரு கிழமை ஆணியில்தான் தொங்கியது.

அப்போதுதான் கட்டாரிலிருந்து கோல் வந்தது. "அம்மாவுக்கு ஞாயிற்றுக்கிழமை பிறந்தநாள். வீட்ட போய் ஒரு பாட்டு வாசிப்பீங்களாடா? அந்தக் கிற்றாரிலயே." மறுக்க ஏலாத கேள்வி. உவர்மலையில் அவர்கள் வீட்டு விறாந்தையில் இரண்டு கதிரை போட்டு இருந்தோம். அவன் வீடியோ கோலில். இரண்டு இடத்தில் பிழைத்தது. எஃப் வர வேண்டிய இடத்தில் விரலை எடுத்துவிட்டு வாயால் பாடிச் சமாளித்தோம். முடிந்ததும் அன்ரி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அவன் இதைவிட மெதுவா வாசிப்பான்" என்றா.

நாங்கள் அதை விமர்சனமாக எடுக்கவில்லை. மகன் எந்த வேகத்தில் வாசித்தான் என்பது அவவின் காதில் இருந்தது. அந்தக் காது சும்மா இருந்தது, அவ்வளவுதான். "அடுத்த ஞாயிறும் வாங்கோ, புட்டு அவிக்கிறன்" என்றா. அடுத்த ஞாயிறு மெதுவாக வாசித்தோம். அதற்கு அடுத்த ஞாயிறும் போனோம். ஞாயிறு போக வேண்டும் என்பதால் சனி எடுத்துப் பார்த்தோம். சனி பிழைத்ததால் வெள்ளியும் எடுத்தோம். நேரசூசி இல்லை, கோடு இல்லை, ஆர்வம் வரட்டும் என்று காத்திருந்ததும் இல்லை.

இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. எங்கட ஊரிலேயே இருக்கிற விஷயம். திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் வாழும் போர்த்துக்கேயப் பறங்கியர் சமூகத்தில் கஃபிரிஞ்ஞா இசை இன்றுவரை இருக்கிறது. போர்த்துக்கேயர் இலங்கையை விட்டு 1658இல் போய்விட்டார்கள். அந்த மொழியை வீட்டில் பேசுகிறவர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள், பல குடும்பங்கள் வெளிநாடு போய்விட்டன. ஆனாலும் வயலினும் கிற்றாரும் றபானும் அந்தத் தாளத்தை விடவில்லை. காரணம் எளிது என்று நினைக்கிறோம். கலியாணம் என்றால் ஆட வேண்டும், ஆட வேண்டும் என்றால் யாராவது வாசிக்க வேண்டும். அந்தப் பாலையூற்று அங்கிளிடம் யாரும் "உங்களுக்கு இன்றைக்கு ஆர்வம் இருக்கா?" என்று கேட்பதில்லை. சனிக்கிழமை கலியாணம், அவ்வளவுதான்.

தமிழிலும் இப்படித்தான் இருந்தது. இலங்கைத் தமிழ்ப் பொப்பிசை என்றதும் நித்தி கனகரத்தினத்தையும் ஏ.ஈ. மனோகரனையும் சொல்வோம். அந்தக் காலத்தின் முன்னோடிகளான பரமேஷ், கோணேஷ் சகோதரர்கள் திருகோணமலைக்காரர் என்பது எங்கட வயதில் எத்தனை பேருக்குத் தெரியும்? அந்தப் பாட்டுகளுக்கு மேடை இருந்தது, வானொலி இருந்தது, கேட்க ஊர் இருந்தது. எங்களுக்குக் கையில் போன் இருக்கிறது, கேட்கிறவர் எதிரில் இல்லை.

இதற்கு ஒரு மறுப்பு வரும். எங்கட கம்பஸ் நண்பி ஒருத்தி நேரேயே சொன்னாள்: "பிடிக்காட்டி விடுங்களன். எல்லாரும் எல்லாத்தையும் செய்ய வேணுமா?" நியாயம். விட்டதை நினைத்துக் குற்ற உணர்ச்சியில் சாவது முட்டாள்தனம். கிற்றாரை வித்துவிட்டுச் சந்தோஷமாகக் கிரிக்கெட் விளையாடுகிறவர்களை எங்களுக்குத் தெரியும். ஆனால் ஒரு கேள்வியை மட்டும் கேட்டுப் பாருங்கோ. உங்களுக்குக் கிற்றார் பிடிக்கவில்லையா, அல்லது நீங்கள் வாசிக்கும் சத்தம் பிடிக்கவில்லையா? முதலாவது என்றால் விடலாம். இரண்டாவது என்றால் விடுவதற்கு அது காரணம் இல்லை. உங்கட காது உங்கட விரலை முந்திப் போயிருக்கிறது. விரல் பிறகு வரும்.

இன்னொன்றும் உண்டு. எங்கட வயதுக்காரர் ஊரை விட்டுப் போய்க்கொண்டே இருக்கிறார்கள். நாலு பேர் செற் மூன்றாகிறது, இரண்டாகிறது. போகிறவர்களைப் பிழை சொல்ல ஏலாது. நாளைக்கு நாங்களும் போகலாம். ஆனால் ஒருவர் போகும்போது அவர் மட்டும் போவதில்லை, மிஞ்சி நிற்கிறவர்களின் பழக்கங்களும் போகின்றன. விளையாட்டு, வாசிப்பு, நாடகம், கிற்றார் எல்லாமே ஆட்கள் கூடினால் நடப்பவை. அவை நின்றதும் நாங்கள் ஒவ்வொருவரும் தனித்தனியாக "எனக்கு ஆர்வம் போயிட்டுது" என்று சொல்லிக்கொள்கிறோம். போனது ஆட்கள். அதை முதலில் ஒத்துக்கொண்டால், அடுத்து என்ன செய்யலாம் என்பதும் தெரியும்: இன்னொரு ஆளைத் தேடலாம், ஒரு கிழமையையும் ஒரு விறாந்தையையும் பிடிக்கலாம்.

ஆகவே நாங்கள் சொல்ல வருவது இவ்வளவுதான். கிற்றாரை ஆணியிலிருந்து இறக்கித் திருத்துங்கோ. வீடியோவைப் பிறகு பார்க்கலாம். கேட்பதற்கு ஒரு ஆளைப் பிடியுங்கோ. நூறு பேர் தேவையில்லை, ஒரு அன்ரி காணும். போகாவிட்டால் அவ "ஏன் வரேல்ல?" என்று கேட்க வேண்டும், அதுதான் முக்கியம்.

இப்போது ஞாயிறுகளில் பக்கத்து வீட்டுப் பெடியன் ஒருவனும் வந்து இருக்கிறான். ஓ.எல் எடுக்கப் போகிறவன், ஜி கோர்ட் மட்டும் தெரியும். போன கிழமை அவனுக்கு எங்களில் ஒருவர் எஃப் காட்டிக்கொடுத்தார். இரண்டு பேருக்குமே சரியாக வரவில்லை.