காட்டு நடைக்கு நாய் துணையாகுமா?

நீலகிரி, வால்பாறை, தாளவாடி மலைகளில் காட்டுக்குள் நடந்து செல்வோர் வீட்டு நாயையும் கூட்டிச் செல்வது வழக்கம். மலையேற வரும் நகரவாசிகளும் இப்போது அப்படியே செய்கிறார்கள். நாய் காவல் என்பது எண்ணம். தோட்டத்துக்கு அது சரி, காட்டுக்குச் சரியல்ல.

யானையைக் கண்டால் நாய் முன்னே ஓடிக் குரைக்கும். யானை திரும்பித் துரத்தினால் எசமானரின் காலடிக்குத்தான் ஓடிவரும். யானையும் பின்னாலேயே வரும்! சிறுத்தைக்கோ நாய் விருப்பமான இரை.

இதைவிடப் பெரிய கேடு நோய். நாய்களைத் தாக்கும் டிஸ்டெம்பர் என்னும் நச்சுயிரி நோய் செந்நாய், புலி, சிறுத்தைக்கும் தொற்றும். 1994-ல் ஆப்பிரிக்காவின் செரங்கெட்டியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சிங்கங்கள் இந்நோயால் மாண்டன. சுற்றுக் கிராம நாய்களிடமிருந்தே அது பரவியதாக ஆய்வாளர்கள் கருதினர். 2018-ல் குஜராத்தின் கிர் காட்டில் சிங்கங்கள் இறந்தபோதும் இதே நச்சுயிரி கண்டறியப்பட்டது.

சரணாலயத்திலும் அதைச் சுற்றி 5 கிலோமீட்டருக்குள்ளும் உள்ள கால்நடைகளுக்குத் தடுப்பூசி போட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வகை செய்கிறது. ஆனால் சட்டம் பெயர் சொல்லும் கால்நடைகளில் மாடு, ஆடு, கழுதை உண்டு; நாய் இல்லை. காட்டுக்குள் தாராளமாகப் போய்வரும் பிராணியை விட்டுவிடுவது விந்தையே. அதையும் சேர்ப்பதே முறை.

அதுவரை வளர்ப்போர்தான் கவனிக்கவேண்டும். பலர் வெறிநோய் ஊசியோடு நின்றுவிடுகிறார்கள். டிஸ்டெம்பருக்கு அது பயன்படாது. அதற்கான ஊசியைக் குட்டிக்கு 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 16 வாரம் வரை 3 அல்லது 4 வார இடைவெளியில் போடவேண்டும். வளர்ந்த நாய்க்கு அடுத்த ஊசி எப்போது என்பதைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளலாம்.