விதையும் நிலமும்

"நூலைப் போலச் சேலை, தாயைப் போலப் பிள்ளை" என்பது நம்மவரிடையே வழங்கும் பழமொழி. "தொட்டிற் பழக்கம் சுடுகாடு மட்டும்" என்பது மற்றொன்று. முன்னது மனிதனின் குணத்தைப் பிறப்பிலே வைக்கிறது. பின்னது வளர்ப்பிலே வைக்கிறது. இரண்டும் தம்முள் மாறுபட்டன போலத் தோன்றினும் ஒரு விடயத்தில் ஒத்துப்போகின்றன. பிள்ளை தன் அறிவு கொண்டு எதையும் தேர்ந்தெடுக்கத் தொடங்குமுன்னரே அவனுடைய வழி முடிவாகிவிட்டது என்பதே இரண்டின் கருத்துமாகும். வகுப்பறையிலே பொறுமையின்றித் துள்ளும் சிறுவனைப் பார்த்து, "இவன் பிறவியிலேயே இப்படித்தான்" என்று ஓர் ஆசிரியர் கூறும்போது, அறிந்தோ அறியாமலோ அவர் ஒரு தீர்ப்பை வழங்குகிறார். அத்தீர்ப்புக்கு மேன்முறையீடு கிடையாது. ஆதலால் அது நியாயமானதுதானா என்று விசாரிப்பது நம் கடமையாகிறது.

இலக்கிய உலகிற்கு இக்கேள்வி புதியதன்று. பிரெஞ்சு நாவலாசிரியர் எமிலி ஸோலா 1871 முதல் 1893 வரை எழுதிய 20 நாவல்களில் ஒரே குடும்பத்தின் பல கிளைகளைத் தொடர்ந்து சென்றார். இரத்தத்தில் வரும் குறையும் சூழலின் அழுத்தமும் மனிதரை எவ்வாறு ஆட்டிவைக்கின்றன என்று காட்டுவதே அவர் நோக்கம். ஆயினும், அவர் படைத்த ஜெர்வேஸ் என்ற சலவைக்காரியின் பிள்ளைகளைப் பாருங்கள். ஒருவன் ஓவியன், ஒருவன் கொலைகாரன், ஒருவன் சுரங்கத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்தை முன்னின்று நடத்துபவன், மகளோ பாரிஸ் நகரின் செல்வரை அலைக்கழிக்கும் விலைமகள். இவர்கள் யாவரையும் பரம்பரை என்ற ஒரே நூலில் கோக்க முனைந்தார் ஸோலா. அவருடைய கலையோ அவருடைய கொள்கையைத் தாண்டிச் சென்றுவிட்டது. ஒரே தாயின் வயிற்றில் இத்தனை வேற்றுமை உண்டெனில், இரத்தம் தீர்மானித்தது எதனை?

விஞ்ஞானிகள் இதே கேள்வியைத் தம் வழியில் கேட்டனர். 1960களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த பாலர் பள்ளியில் வால்டர் மிஷெல் என்ற உளவியலாளர் ஒரு சோதனையைத் தொடங்கினார். குழந்தையின் முன்னே ஓர் இனிப்பு வைக்கப்படும். உடனே உண்ணலாம், ஆனால், வெளியே செல்லும் ஆய்வாளர் திரும்பி வரும்வரை காத்திருந்தால் இரண்டு கிடைக்கும். சில குழந்தைகள் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தன. சில உடனே வாயிலிட்டுக்கொண்டன. ஆண்டுகள் பல சென்றபின் பார்த்தபோது, காத்திருந்த பிள்ளைகள் பரீட்சைகளிலே கூடிய புள்ளி பெற்றிருந்தனர் என்ற செய்தி 1990 இல் வெளிவந்தது. பொறுத்தார் பூமியாள்வார் என்பதற்கு விஞ்ஞானமே சான்று கூறிவிட்டதாக உலகம் எண்ணியது. நான்கு வயதுப் பிள்ளையின் எதிர்காலத்தை ஓர் இனிப்புத் துண்டைக் கொண்டு அளந்துவிடலாம் என்று நம்பினோரும் உளர்.

இந்த எண்ணம் நெடுநாள் நிலைக்கவில்லை. மிஷெல் சோதித்த குழந்தைகளிற் பலர் பல்கலைக்கழகச் சூழலில் வளர்ந்தவர்கள், தொகையிலும் குறைந்தவர்கள். 2018 இல் வெளிவந்த பேராய்வு ஒன்று பலவகைக் குடும்பங்களைச் சேர்ந்த 900க்கும் மேற்பட்ட பிள்ளைகளின் விபரங்களை ஆராய்ந்தது. காத்திருப்புக்கும் பிற்காலக் கல்வித் தேர்ச்சிக்கும் இருந்த தொடர்பு முன்னர் கண்டதிற் பாதியளவே இருந்தது. குடும்ப நிலையையும் வீட்டுச் சூழலையும் கணக்கிலெடுத்தபோது அதிலும் மூன்றில் இரண்டு பங்கு மறைந்தது.

இதற்கு முன்னர், 2013 இல் வெளியான சிறிய ஆய்வொன்று நம் சிந்தனைக்கு இன்னும் உரியது. ரொசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் 28 குழந்தைகள் இரு பிரிவாக்கப்பட்டனர். "சற்றுப் பொறு, இதிலும் நல்ல வர்ணப் பொருட்கள் கொண்டு வருகிறேன்" என்று இரு பிரிவினருக்கும் வாக்களிக்கப்பட்டது. ஒரு பிரிவினருக்கு வாக்கு நிறைவேற்றப்பட்டது. மற்றவர்களிடம் "மன்னித்துக்கொள், ஒன்றும் இல்லை" என்று கூறப்பட்டது. பின்னரே இனிப்புச் சோதனை நடந்தது. வாக்குக் காக்கப்பட்ட குழந்தைகள் சராசரி 12 நிமிடங்கள் காத்திருந்தனர். ஏமாற்றப்பட்டவர்கள் 3 நிமிடங்கள் மட்டுமே. முன்னவர் 14 பேரில் 9 பேர் முழுமையாக 15 நிமிடங்களும் பொறுத்தனர். பின்னவர் 14 பேரில் ஒருவரே பொறுத்தார். சில நிமிட அனுபவம் இத்தனை வேற்றுமையை உண்டாக்கிற்று. நாம் பொறுமையின்மை என்று பெயரிட்டது, அக்குழந்தையின் நோக்கில் நியாயமான முடிவேயன்றோ? வாக்குத் தவறும் உலகில் கையிலிருப்பதை உண்பவன் மூடனல்லன்.

அப்படியாயின் பரம்பரைக்கு இதிற் பங்கே இல்லையா? உண்டு. ஆனால் நாம் நினைத்த விதத்தில் அன்று. துணிந்து இறங்கும் இயல்பைப் பற்றி 10 இலட்சத்திற்கும் அதிகமானோரின் பரம்பரையலகுகளை ஆராய்ந்து 2019 இல் ஓர் ஆய்வு வெளியிடப்பட்டது. அவ்வியல்போடு தொடர்புடைய 124 வேறுபாடுகள் கண்டறியப்பட்டன. ஒவ்வொன்றின் பங்கும் மிக நுண்ணியது. யாவற்றையும் கூட்டிப் பார்த்தும், மனிதருக்கு மனிதர் காணப்படும் வேற்றுமையில் ஏறத்தாழ 1.6 வீதத்தையே விளக்க முடிந்தது. ஒரு குணத்துக்கு ஓர் அலகு என்ற எண்ணத்துக்கு இனி இடமில்லை.

அலகு இருந்தாலும் அது எவ்வாறு செயற்படும் என்பதில் வளர்ப்புக்குப் பங்குண்டு. கனடாவின் மக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எலிகளிடம் இதனைக் கண்டு 2004 இல் வெளியிட்டனர். குட்டிகளை அடிக்கடி நக்கிப் பேணும் தாயிடம் வளர்ந்தவை, பிற்காலத்தில் அச்சத்தையும் நெருக்கடியையும் அமைதியாகச் சமாளித்தன. பராமுகமான தாயின் குட்டியைப் பேணும் தாயிடம் விட்டபோது, அது வளர்த்தவளின் வழியையே பின்பற்றியது. பரம்பரையலகின் எழுத்து மாறவில்லை. அதன்மேற் படிந்த இரசாயனக் குறிகள் மாறின. மனிதர் எலிகளல்லர், எனினும், விதையையும் நிலத்தையும் பிரித்து நிறுத்திப் பார்ப்பது தவறு என்பதை இது உணர்த்துகிறது.

குழந்தைப் பருவம் பொருட்டல்ல என்று இதனாற் கொள்ளலாகாது. நியூஸிலாந்தின் டனீடின் நகரில் 1972-73 இல் பிறந்த 1,037 பேரைத் தொடர்ந்து வந்த ஆய்வு, இளமையில் தன்னடக்கம் குறைந்திருந்தோர் 32 வயதில் உடல்நலத்திலும் பொருள்நிலையிலும் பின்தங்கியிருந்ததை 2011 இல் எடுத்துக்காட்டியது. ஆனால் அதே ஆய்வு மற்றொன்றையும் கூறிற்று: வளர்ந்து வருங்கால் தன்னடக்கம் கூடியவர்கள், தொடக்கத்தை வைத்து எதிர்பார்த்ததைவிட நல்ல நிலையை எய்தினர். தொட்டிலில் தொடங்குவது உண்மை. சுடுகாடு மட்டும் என்பதே மிகை.

நம் நாட்டில், 2009 இல் முடிவுற்ற போரின்போது குழந்தைப் பருவத்தைக் கழித்தவர்கள் இன்று பெற்றோராகவும் ஆசிரியராகவும் இருக்கின்றனர். நாளை வரும் என்று நம்புவதற்கு அந்நாளில் அவர்களுக்குக் காரணம் குறைவாகவே இருந்தது. இன்று பசியுடன் பாடசாலைக்கு வரும் பிள்ளைக்கும், கடனும் சண்டையும் மலிந்த வீட்டிலிருந்து வரும் பிள்ளைக்கும் அந்நிலையே. அத்தகைய பிள்ளையிடம் பொறுமையை உபதேசிப்பதாற் பயனில்லை. பொறுத்தால் கிடைக்கும் என்பதை அவன் அனுபவத்தில் காணவேண்டும். "நாளை உன் கொப்பியைத் திருத்தித் தருகிறேன்" என்று சொன்ன ஆசிரியர் மறுநாள் திருத்திக் கொடுப்பது சிறிய காரியமாகத் தோன்றலாம். அப்பிள்ளைக்கு அதுவே உலகைப் பற்றிய பாடமாகும்.

நம் எழுத்தாளரும் இதனைச் சிந்தித்தல் நன்று. ஏழையின் மகனை ஊதாரியாகவும் குடிகாரனின் மகனைக் குடிகாரனாகவும் படைப்பது எளிது. அவன் ஏன் அம்முடிவை எடுத்தான் என்று அவன் நின்ற இடத்தில் நின்று காண்பதே இலக்கியம். விதையை நாம் தெரிந்தெடுக்க முடியாது. நிலத்தைப் பண்படுத்துவது நம் கையில் இருக்கிறது. அப்பணி முடியுமுன்னரே விதையைப் பழிப்பது நேர்மையன்று.