பட்டாளம் நமக்கு, பதவி அவர்களுக்கா?

வேலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் பட்டாளத்துக்காரர் இல்லாத தெருவைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். தாத்தா இரண்டாம் உலகப் போருக்குப் போனவர், அப்பா ஹவில்தாராக ஓய்வு பெற்றவர், அண்ணன் இப்போது எல்லையில். அப்படி ஒரு வீட்டில் பிளஸ் டூ படிக்கும் பையன் ‘என்.டி.ஏ. (தேசியப் பாதுகாப்பு அகாடமி) தேர்வு எழுதட்டுமா?’ என்று கேட்டால் என்ன பதில் வருகிறது? “அதெல்லாம் ஆபீசர் வீட்டுப் பிள்ளைங்களுக்குடா. இங்கிலீஷ் தண்ணி மாதிரி பேசணும். நீ ஆள் சேர்ப்புக்குப் போற வழியப் பாரு.” மூன்று தலைமுறையாக உயிரைப் பணயம் வைத்த குடும்பம், தலைமை தாங்கும் தகுதி மட்டும் தனக்கில்லை என்று தானே தீர்ப்பு எழுதிக்கொள்கிறது. இதை அடக்கம் என்று பாராட்ட என்னால் முடியாது. இது நம் பிள்ளைகளுக்கு நாமே செய்யும் துரோகம்.

எழுத்துத் தேர்வையே எடுத்துக்கொள்வோம். யூ.பி.எஸ்.சி. ஆண்டுக்கு இருமுறை நடத்துகிறது. மொத்தம் 900 மதிப்பெண். கணிதம் 300, பொதுத்திறன் தாள் 600. அந்த 600இல் ஆங்கிலம் 200தான். மீதி 400இல் பாதி இயற்பியல், வேதியியல், பொது அறிவியல். ஆக, 500 மதிப்பெண்ணுக்கான பாடத்தை அறிவியல் குரூப் பிள்ளைகள் பள்ளியிலேயே படித்துக்கொண்டிருக்கிறார்கள். தரைப்படைப் பிரிவுக்கு எந்தக் குரூப்பில் பிளஸ் டூ படித்தாலும் போதும். வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் வருவது அநியாயம்; அதை எதிர்த்துக் குரல் கொடுக்கத்தான் வேண்டும். அதற்காகப் பையனைத் தேர்வே எழுத விடாமல் தடுப்பது எந்த ஊர் நியாயம்? ஆங்கிலத்தில் அச்சான கணக்கைப் படித்துப் புரிந்துகொள்ள மேடைப் பேச்சு ஆங்கிலம் தேவையில்லை.

“எழுதிப் பாஸ் ஆனாலும் எஸ்.எஸ்.பி.யில் கழித்துவிடுவார்கள், அங்கே குடும்பம் பார்ப்பார்கள்” என்பது அடுத்த வாதம். என்னை அதிகம் கோபப்படுத்துவது இதுதான். எழுத்துத் தேர்வுக்குப் பின் வரும் எஸ்.எஸ்.பி. என்ற அந்த அதிகாரித் தேர்வு வாரிய முறை எப்படிப் பிறந்தது தெரியுமா? இரண்டாம் உலகப் போரின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் ராணுவம் சிறு நேர்காணல் ஒன்றை வைத்து அதிகாரிகளை எடுத்தது. எந்தப் பள்ளி, அப்பா யார், பேச்சு எப்படி என்பதே அங்கே பெரிதாக இருந்தது. அப்படி எடுத்தவர்களில் பலர் பயிற்சியில் தேறாமல் திருப்பி அனுப்பப்பட்டார்கள். வேறு வழியில்லாமல் 1942இல் உளவியலாளர்களையும் சேர்த்துக்கொண்டு புதிய தேர்வு வாரியங்களை அமைத்தார்கள். தலைவர் என்று யாரையும் நியமிக்காமல் ஒரு குழுவிடம் வேலையைக் கொடுத்துவிட்டு, யார் என்ன செய்கிறார்கள் என்று கவனிக்கும் சோதனையை வில்ஃபிரட் பியான் என்ற மனநல மருத்துவர் கொண்டுவந்தார். மறு ஆண்டே அந்த முறை இந்தியாவுக்கும், டேராடூனுக்கு, வந்தது. குடும்பம் பார்த்து ஆள் எடுக்கும் வழக்கம் தோற்றதால் வந்த முறையைக் காட்டி, ‘குடும்பம் பார்க்கிறார்கள்’ என்கிறோம் நாம்.

இன்றும் எஸ்.எஸ்.பி. நடக்கும் ஐந்து நாளில் உளவியலாளர், நேர்காணல் அதிகாரி, குழுச் சோதனை அதிகாரி மூவரும் தனித்தனியாகத்தான் மதிப்பிடுகிறார்கள். அவர்கள் தேடும் பண்புகள் 15. பொறுப்புணர்வு, ஒத்துழைப்பு, துணிவு, விரைந்து முடிவெடுத்தல் என்று போகும் அந்தப் பட்டியலில் கருத்தைச் சொல்லும் திறனும் ஒன்று. அப்பாவின் பதவி அதில் இல்லை. களத்தில் ஒரு பலகை, ஒரு கட்டை, ஒரு கயிறு, ஒரு சுமை கொடுப்பார்கள். சிவப்பு பூசிய இடத்தில் காலும் படக் கூடாது, பலகையும் படக் கூடாது. அழகாக ஆங்கிலம் பேசும் பையன் யோசனை சொல்லிக்கொண்டே இருப்பான். வைக்கோல் ஏற்றிய வண்டிக்குக் கயிறு இழுத்துக் கட்டிப் பழகியவன் நாலே வார்த்தையில் “யூ ஹோல்ட், ஐ டை” என்று சொல்லிப் பலகையையும் கட்டையையும் சேர்த்துக் கட்டிவிட்டு, பயந்து நிற்கும் மூன்றாமவனுக்குக் கை கொடுப்பான். மதிப்பெண் தாளோடு நிற்கும் அதிகாரிக்கு இருவரும் தெரிவார்கள்.

சைனிக் பள்ளியிலும் ராணுவப் பள்ளியிலும் படித்தவர்களுக்கு அனுகூலமே இல்லை என்று நான் சொல்லவில்லை. இருக்கிறது. சீருடை, கட்டளை, குழுவாகச் செயல்படுவது எல்லாம் அவர்களுக்குச் சிறு வயதிலேயே பழக்கம். பழக்கத்தால் வந்தது எதுவும் பழகினால் வரும். பள்ளியில் என்.சி.சி. இருந்தால் சேருங்கள். இல்லையென்றால் கபடிக் குழுவை நடத்துங்கள், ஊர்த் திருவிழாவில் ஒரு பொறுப்பை ஏற்று முடித்துக் காட்டுங்கள். உளவியல் சோதனையில் படம் காட்டிக் கதை எழுதச் சொல்வார்கள்; பணம் வாங்கிக்கொண்டு அதற்கு ஆயத்தக் கதை எழுதித் தரும் பயிற்சி மையங்களை மட்டும் நம்ப வேண்டாம். கதையில் வீரனாக இருந்தவன் களத்தில் ஒதுங்கி நின்றால், கடைசி நாள் மூவரும் ஒன்றாக உட்காரும்போது குட்டு வெளிப்பட்டுவிடும்.

கடைசி நாளில் தேர்வானவர்களின் நெஞ்சு எண்ணை மட்டும் வாசிப்பார்கள். மற்றவர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயிலேற வேண்டியதுதான். அப்படித் திரும்பும் பையனை “அப்பவே சொன்னேனே” என்று வரவேற்காதீர்கள். ஒவ்வொரு முறையும் இருப்பது ஏறத்தாழ 400 இடம், எழுதுவோர் லட்சக்கணக்கில். டேராடூனில் விமானப்படைத் தேர்வுக்குப் போன அப்துல் கலாம் 25 பேரில் ஒன்பதாவதாக வந்தார்; எடுத்தது எட்டுப் பேரை. எட்டாவது ஆளுக்கும் ஒன்பதாவது ஆளுக்கும் நடுவே கோடு போட்டது அன்றைய காலியிடம். என்.டி.ஏ.வுக்கு வயது வரம்பு உண்டு, இத்தனை முறைதான் எழுதலாம் என்ற வரம்பு கிடையாது. அது தவறினால் பட்டப்படிப்புக்குப் பின் சி.டி.எஸ். தேர்வு இருக்கிறது. மேஜர் முகுந்த் வரதராஜன் பயிற்சி பெற்ற சென்னை பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சி அகாடமிக்கு அதன் வழியே போகக் கணிதத் தாள்கூடக் கிடையாது. ஜவானாகச் சேர்ந்துவிட்டவருக்கும் டேராடூனில் ஆர்மி கேடட் கல்லூரி என்று ஒரு கதவு உண்டு.

‘பொம்பளப் பிள்ளைக்கு இது எதுக்கு?’ என்றவர்களுக்கும் பதில் வந்துவிட்டது. 2021இல் உச்ச நீதிமன்றம் வழி திறந்தது, 2022இல் மாணவிகள் என்.டி.ஏ. இருக்கும் கடக்வாஸ்லாவுக்குள் நுழைந்தார்கள், 2025 மே மாதம் அவர்களில் 17 பேர் பயிற்சி முடித்து வெளியே வந்தார்கள்.

பதினாறரை வயதிலிருந்து இந்தக் கதவு திறந்திருக்கிறது. தலைமையாசிரியர்கள் அடுத்த அறிவிப்பு வந்ததும் பிளஸ் டூ வகுப்பில் வாசித்துக் காட்ட வேண்டும். விண்ணப்பக் கட்டணம் 100 ரூபாய். மாணவிகளுக்கும் பட்டியல் சாதி, பழங்குடிப் பிள்ளைகளுக்கும் அதுவும் இல்லை. சைனிக் பள்ளியிலோ ராணுவப் பள்ளியிலோ படித்தால் ஹவில்தாரின் மகனுக்கும் இல்லை.