கல்பனாவின் பெட்டி

“அக்கா, ஆபீஸுக்குப் பெரிய ஸ்விட்சாக ஒன்று வாங்க வேண்டுமாம். பியூஸுக்குப் பீங்கான் கட்டை செய்து விற்கிறவர்கள் நாம். நமக்குத் தெரியாத ஸ்விட்சா?” என்று நல்லூரிலிருந்து என் தங்கை போனில் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விருத்தாசலத்துப் பீங்கான் தொழிலில் பிழைக்கும் குடும்பம். அவளுக்கு ஸ்விட்ச் என்றால் விளக்கு ஸ்விட்ச்தான்!

இது வேறு. ஆபீஸிலுள்ள கம்ப்யூட்டர், பிரிண்டர், காமிரா எல்லாவற்றின் கம்பிகளும் வந்து சேரும் பெட்டி. தபாலாபீஸில் கடிதம் பிரிப்பவரைப் போல, விலாசம் பார்த்து அந்தந்தக் கம்பியில் செய்தியை அனுப்பி வைக்கும். 1990-ல் இத்தகைய பெட்டியை முதன்முதலில் விற்பனைக்குக் கொண்டு வந்த அமெரிக்கக் கம்பெனியின் பெயர் என்ன தெரியுமா? கல்பனா! அதை நிறுவியவர்களில் ஒருவரான வினோத் பரத்வாஜ் தம் மனைவியின் பெயரையே வைத்துவிட்டார். (நம் வீட்டுக்காரர்கள் ஒரு மிக்ஸிக்காவது நம் பெயரை வைத்ததுண்டா?) அந்தப் பெட்டிக்கு ஏழே வாய்கள்.

தங்கையின் ஆபீஸில் எட்டு வாய்ப் பெட்டிகள் மூன்று, ஒன்றோடொன்று கோத்துக் கிடந்தன. போன மாதம் 20-ஆம் தேதி, ஜி.எஸ்.டி. கணக்குக் காட்ட வேண்டிய கடைசி நாள். கூட்டிப் பெருக்கிய என் தங்கை, ஒரு கம்பியின் நுனி தொங்குவதைக் கண்டு, பாவம், காலியாயிருந்த வாயில் செருகிவிட்டாள். அதன் மறுநுனி ஏற்கெனவே அதே பெட்டியில் இருந்தது! விளக்குகளெல்லாம் வெறி பிடித்தாற்போல் மின்னின; ஆபீஸ் முழுவதும் ஸ்தம்பித்தது. கணக்குப் போய்ச் சேரும்போது இரவு பத்து மணி. மைத்துனர் கோபத்தில் சாப்பிடவே இல்லையாம்.

இந்தத் தொழிலிலேயே இருக்கும் என் மகனைக் கேட்டேன். எல்லோருக்கும் என்று அனுப்பும் செய்திக்கு அந்தக் கம்பியில் சாவே கிடையாதாம். வட்டம் கிடைத்தால் சுற்றிச் சுற்றிப் பெருகி, வழியை அடைத்துவிடுமாம். இதற்கு 1985-ல் வழி கண்டவரும் ஒரு பெண்மணிதான்: ராடியா பெர்ல்மன். ஆனால் அவர் கண்ட உபாயம், ‘அன்மேனேஜ்டு’ என்று விற்கும் எளிய பெட்டிகளில் பொதுவாக இருப்பதில்லை. வட்டத்தைக் கண்டுபிடித்து நிறுத்தும் வசதி சிலவற்றில் உண்டு. கேட்டு வாங்க வேண்டியது அதைத்தான்.

மூன்று குட்டிப் பெட்டிகளுக்குப் பதில் ஒரே பெரிய பெட்டி மேல். குட்டிகளைக் கோக்கும் ஒற்றைக் கம்பியில்தானே அத்தனை பேர் வேலையும் நெருக்கியடிக்கிறது? தங்கைக்குப் பதினெட்டு கம்பிகள். 24 வாய் போதும். ஜிகாபிட் வேகப் பெட்டியானால் அதன் மொத்தத் திறன் 48 ஜிகாபிட் என்று போட்டிருக்க வேண்டும். விசிறி இல்லாத இரும்புப் பெட்டியே நல்லது. களிமண் தூசி விசிறியை விட்டுவைக்குமா? சூளைக் கொட்டகைக்குக் கம்பி 100 மீட்டருக்குள் இருக்கட்டும். காமிராவுக்கு அதே கம்பியில் மின்சாரமும் போக வேண்டுமென்றால் அதற்கென்றே உள்ள ரகம் வேண்டும். பெட்டி மொத்தம் எத்தனை வாட் தரும் என்பதையும் பார்க்க வேண்டும்.

ஒன்று மட்டும் இதனால் முடியாது. வருகிறவர் போகிறவரின் வை-ஃபையையும் கணக்குக் கம்ப்யூட்டரையும் தனித்தனியே பிரித்து வைக்க வேண்டுமானால், விலை கூடின ‘மேனேஜ்டு’ ரகத்துக்குத்தான் போக வேண்டும்.

பெட்டி வந்து மாட்டியாகிவிட்டது. தொங்கிய கம்பியை என்ன செய்தாய் என்று கேட்டேன். பூத்தொடுக்கும் வாழை நாரால் நுனியைச் சுற்றி முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறாளாம்.